நிறுத்தச் சொல்லித்தான் கை காட்டினேன்

நீங்க தேடி வந்த ஆளு நான் இல்ல டீச்சர். அத முதல்லயே சொல்லிப்புடுறேன். காலேஜுலேர்ந்து வர்றவுகளும் சரி, பத்திரிகையிலேர்ந்து வர்றவுகளும் சரி, இந்த முள்ளித்துறைக்கு வந்து எறங்குன ஒடனே கேக்குறது ஜெனோவாவத்தான். பொம்பளைகளே சேந்து சுற்றுலா நடத்துறாகளாமே, காட்டுக்கும் கடலுக்கும் ஒரு கெடுதல் இல்லாமத் தொழில் பண்றாகளாமே, அந்தம்மா எங்கன்னு கேப்பாக. அந்தம்மா இல்ல. நான் பிரகாசி. இப்ப இதெல்லாம் நடத்துறது நான்தான். உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. தண்ணி வத்திக் கெடக்கு, ஏறுனாத்தான் படகு எடுக்க முடியும். கேக்குறத அதுக்குள்ள கேளுங்க.

ஏய் சலேத்து, டீச்சருக்கு ஒரு டீ போடு. சீனி கம்மியா.

பொம்பளைக தொழில் பண்றதப் பத்தித்தானே எழுதுறீக? அப்ப என்னையப் பத்தியும் எழுதலாம்ல. யாரும் எழுதுறதில்ல. ஜெனோவா என்ன சொன்னா, ஜெனோவா என்ன செஞ்சான்னுதான் கேக்குறாக. சரி, அதையே சொல்றேன்.

ஜெனோவா எனக்குச் சொந்தம் இல்ல. ஒரே தெரு, ஒண்ணாப் பள்ளிக்கூடம் போனோம். நான் பாதியில நின்னுட்டேன், அவ படிச்சா. படிச்சுட்டு மடத்துல சேந்தா. கன்னியாஸ்திரீ ஆகப் போறான்னு ஊரே மாலை போட்டு அனுப்புச்சு. கொஞ்ச வருசத்துல பெட்டியத் தூக்கிக்கிட்டுத் திரும்பி வந்துட்டா. ஏண்டின்னு கேட்டதுக்கு, "அங்க சொன்னத ஏன்னு கேக்காமச் செய்யணும் பிரகாசி, எனக்கு அது வரல"ன்னா. அம்புட்டுத்தான். ஊர்ல அவளுக்குப் பாதி சிஸ்டர்னு பேராப் போச்சு. கல்யாணமும் பண்ணிக்கல. எங்களோட சேந்து ஓடையில எறங்கி நண்டு புடிச்சுக்கிட்டுக் கெடந்தா.

படகு விடுற யோசனை அவளுதுதான், இல்லைங்கல. அப்பல்லாம் வெளியூர்லேர்ந்து வேன் வேனா வருவாங்க. அலையாத்திக் காட்டப் பாக்க வந்தோம்னு சொல்லிக் குடிச்சுப்புட்டு, பாட்டிலச் சேத்துல ஒடச்சுப் போட்டுட்டுப் போயிருவாங்க. நண்டுக்கு எறங்குற எங்க காலுதான் கிழியும். இவுகள உள்ள விடாதீக, வழிய அடைங்கன்னு ஊர்க் கூட்டத்துல போயி நாங்க கத்துனோம். ஜெனோவா மட்டும் வேற மாதிரி பேசுனா. "அடைச்சா வேற பக்கமா வருவாங்க. நாமளே கூட்டிட்டுப் போனா என்ன? கம்பு ஊன்றி வள்ளம் தள்ள நமக்குத் தெரியும். சமைக்கத் தெரியும். நம்ம வள்ளத்துல ஏறுனா நம்ம சொல்றதத்தானே கேக்கணும்"னா. அப்படித்தான் ஆரம்பிச்சோம். வீட்டு ஆம்பளைக சிரிச்சாக. பொறகு சிரிப்பு நின்னு போச்சு.

ஆனா அவ சட்டம்னா சட்டம் டீச்சர். இஞ்சின் கூடாது. வள்ளத்துல ஏறும்போதே பிளாஸ்டிக்க வாங்கி வச்சுக்கிடணும். சினை நண்ட வாங்கவும் கூடாது, சமைக்கவும் கூடாது, கையில கெடைச்சாத் திரும்பத் தண்ணியில விட்டுரணும். வள்ளம் தள்ளுறவளுக்கும் சமைக்கிறவளுக்கும் பாத்திரம் கழுவுறவளுக்கும் ஒரே பங்கு. இதெல்லாம்கூடப் பரவாயில்ல. கார்த்திகையிலேர்ந்து மாசி முடிய உள்ளோடைக்கு யாரும் போகக் கூடாதுன்னுட்டா. நாரையும் கொக்கும் அங்கதான் கூடு கட்டும். ஓடை வாயில ரெண்டு பக்கமும் கம்பு நட்டு, குறுக்கே கயித்தக் கட்டி, செவப்புத் துணியத் தொங்க விட்டுருவா.

கிறிஸ்துமஸ் எப்ப வருது? பொங்கல் லீவு எப்ப வருது? எல்லாம் அந்த மாசத்துலதான. கூட்டமே அப்பத்தான் வரும். வர்றவுக கேக்குறதும் உள்ளோடையத்தான். ரெண்டு பக்கமும் மரம் கவுந்து, குகைக்குள்ள போற மாதிரி இருக்கும். போட்டோ எடுக்க அத விட்டா எடம் இல்ல. இவ என்னன்னா வெளியோடையில சுத்திக் காட்டிப்புட்டு, "உள்ள குஞ்சு பொரிச்சிருக்கு, நாம போனாத் தாய்ப் பறவை எழும்பிரும், குஞ்சு வெயில்ல காஞ்சு செத்துரும்"னு பாடம் எடுப்பா. சில பேரு காது குடுத்துக் கேப்பாக. சில பேரு மொகத்தச் சுழிச்சுக்கிட்டுப் போவாக. போறவுகள நிறுத்தவும் மாட்டா.

இன்னொண்ணு கேக்குறேன். சனம் திரும்பத் திரும்ப வந்தது எதுக்கு? பறவையப் பாக்கவா? என் நண்டுக்கு டீச்சர். மிளகையும் சின்ன வெங்காயத்தையும் அம்மியில தட்டிப் போட்டு நான் வைக்கிற நண்டு, இந்தக் கரையில யாரும் வைக்க மாட்டாக. சென்னையிலேர்ந்து ஒரு அம்மா அதுக்குன்னே வந்து தங்கிச் சாப்பிட்டுப் போனாக. ஆனா பத்திரிகையில யாரு படம் வந்துச்சு? கம்பப் புடிச்சுக்கிட்டு வள்ளத்துல நிக்கிற ஜெனோவா. மதுரையில ஏதோ ஒரு சங்கத்துல விருது குடுத்தாக. மேடையில ஏறி அவதான் வாங்குனா. "எங்க பெண்கள் எல்லாருக்குமாச் சேத்து வாங்கிக்கிறேன்"னு பேசுனா. எல்லாருக்குமாம். ஒரு பேரு சொல்ல எம்புட்டு நேரம் ஆகும்? பிரகாசின்னு ஒரு பேரு. நான் கீழ உக்காந்து கை தட்டிக்கிட்டு இருக்கேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸுல எனக்கு ஜன்னல் ஓரத்த விட்டுக் குடுத்தா. பஸ்ஸுல எனக்குக் கொமட்டும்னு அவளுக்குத் தெரியும். அத வேணாச் சொல்லலாம்.

அந்தச் சமயத்துலதான் என் தம்பி டைட்டஸ் குவைத்துலேர்ந்து வந்தான். அங்க வேலை போயிருச்சு. எங்கம்மா செத்தப்புறம் அவன நான்தான் இடுப்புல தூக்கி வளத்தேன். வெயில்ல நிக்க மாட்டான், பசி தாங்க மாட்டான். அவன் கையில இருந்ததப் போட்டு ஒரு ஃபைபர் படகும் இஞ்சினும் வாங்குனான். "அக்கா, நீங்க கம்பு ஊன்றி ஒரு நடை போயிட்டு வர்றதுக்குள்ள நான் நாலு நடை போயிட்டு வருவேன்"னான். யோசிச்சுப் பாத்தேன், சரியாத்தான் பட்டுச்சு. என் மக நர்சிங் சேந்திருந்தா. வீட்டுக்காரருக்கு இடுப்புல கோளாறு, கடலுக்குப் போறதில்ல. எல்லாருக்கும் ஒரே பங்குன்னா, எல்லாருக்கும் தேவை ஒண்ணாவா இருக்கு? நான் பேராசப்படல டீச்சர். அப்படி எழுதிப்புடாதீக.

வலைக் கொட்டகையில கூட்டம் போட்டோம். நான்தான் எந்திரிச்சுப் பேசுனேன். இஞ்சின் படகு வேணும், லீவுல உள்ளோடையத் தொறக்கணும்னேன். ஜெனோவா என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. கோவப்பட்டுக் கத்தியிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும். பையப் பேசுனா.

"இஞ்சின் போனாச் சேறு கலங்கும். எண்ணெய் போயி மூச்சு வேருல ஒட்டும். வேரு அடைச்சா மரம் நிக்காது. மரம் இல்லாட்டி நண்டு எங்க போயி இருக்கும்? நண்டு இல்லாம நீ எதச் சமைப்ப பிரகாசி?"

"உனக்குப் புள்ள இல்ல குட்டி இல்ல. பறவைதான் உனக்குப் புள்ள. எங்க பொழப்பு அப்படி இல்ல"ன்னு சொன்னேன்.

சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல. உள்ளதத்தான் சொன்னேன். அவ தரையப் பாத்தா. அப்புறம், "கை தூக்குங்க, கூட்டம் சொல்றபடி செய்வோம்"னு அவதான் சொன்னா. அவ பக்கம் கொஞ்சம் கைதான். இந்தா டீ போடுறாளே சலேத்து, இவகூட அன்னைக்கு அவ பக்கம் கை தூக்குனவதான். நான் மனசுல வச்சுக்கிடல, இன்னைக்கும் வேலை குடுத்து வச்சிருக்கேன்.

அதோட முடிஞ்சிருக்கணும்ல? முடியல. "வெளியோடைக்கு இஞ்சின் போகட்டும். கூடு இருக்குற வரைக்கும் உள்ளோடைக்கு விட மாட்டேன். அது ஓட்டுப் போட்டு முடிவு பண்ற விசயம் இல்ல"ன்னுட்டா. இது என்ன நாயம் டீச்சர்? கூட்டம் சொன்னாக் கேப்பேன்னு சொன்னவ யாரு? டைட்டஸ் போயிக் கயித்த அறுத்து விட்டான். மறுநா கயிறு இருந்துச்சு. திரும்ப அறுத்தான். திரும்ப இருந்துச்சு. அவளும் சளைக்கல, இவனும் சளைக்கல. பங்குச் சாமியார் கூப்பிட்டு ரெண்டு பேரையும் வச்சுப் பேசுனாரு. அவ, "சாமி, நான் யாருக்கும் எதிரா நிக்கல, கூட்டுக்குக் காவலா நிக்கிறேன்"னா. என்னமோ பெரிய இது மாதிரி.

கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுநா. கோயம்புத்தூர்க்காரவுக, குடும்பமா வந்திருந்தாக. வெள்ளனே கெளம்பிட்டோம், வெயிலுக்கு முன்னாடி போயிட்டு வந்துரலாம்னு. டைட்டஸ் பின்னாடி இஞ்சினப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். நான் முன்னாடி நிக்கிறேன், வழி காட்ட. அன்னைக்கு ஓடை வாயில கயிறு இல்ல. கயிறு தீந்து போச்சோ என்னமோ. அவளே நின்னா.

நெஞ்சளவு தண்ணி. ரெண்டு கையையும் விரிச்சு, அந்தப் பக்கத்துக் கம்பப் பாத்து ஒண்ணு, இந்தப் பக்கத்துக் கம்பப் பாத்து ஒண்ணு. சேலையத் தலையோட போத்தியிருந்தா, பனி. என்னையப் பாத்தா. நானும் பாத்தேன். ஒதுங்கிருவான்னு நெனைச்சேன். எவளா இருந்தாலும் ஒதுங்குவா. டைட்டஸுக்கு மொகத்துல வெயில் அடிக்குது, அவனுக்குத் தெரியல. பாவம் அவனுக்கு வெயிலே ஆகாது.

நான் கையக் காட்டினேன். நிறுத்தச் சொல்லித்தான் காட்டினேன். அவன் போகச் சொல்றேன்னு எடுத்துக்கிட்டான். கையக் காட்டினா ரெண்டு விதமாவும் எடுத்துக்கலாம் இல்லையா? இஞ்சின் சத்தத்துல வாயத் தொறந்து சொன்னாக் கேக்குமா? நீங்க எழுதுறதா இருந்தா இத எழுதுங்க டீச்சர். நிறுத்தச் சொல்லித்தான்.

கடைசி நேரத்துல அவன் பாத்துப்புட்டான், ஒடிச்சுத் திருப்புனான். படகு அவ மேல மோதல. அவ வழுக்கி அடியில போயிட்டா. இஞ்சின் ஒரு மாதிரி திணறுச்சு. அந்தச் சத்தத்துக்கு உள்ளோடையில இருந்த அம்புட்டுப் பறவையும் ஒண்ணா எழும்புச்சு. வானமே வெள்ளையாப் போச்சு. படகுல இருந்த ஒரு பொண்ணு, "அம்மா அங்க பாருங்க"ன்னு போனத் தூக்கிப் படம் எடுக்குது. கீழ தண்ணி என்ன நெறமா இருக்குன்னு அந்தப் பொண்ணு பாக்கல. நான்தான் பாத்தேன்.

நான் குதிச்சேன் டீச்சர். அதையும் எழுதுங்க. சேலையோட குதிச்சு அவளத் தூக்கினேன். என் தோள இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. படகுல ஏத்தும்போது கால் தொங்குச்சு.

முட்டிக்குக் கீழ எடுத்துட்டாக. ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்துச்சு. டைட்டஸ் உள்ள வராம வாசல்லயே நின்னான், நான் செபமாலைய உருட்டிக்கிட்டு இருந்தேன். அவகிட்டப் போயிக் கேட்டாக. "நான்தான் தண்ணியில எறங்கி நின்னேன். கால் வழுக்கிப் படகுக்கு அடியில போயிட்டேன். யார் மேலயும் குத்தம் இல்ல"ன்னு சொல்லிப்புட்டா. கையெழுத்தும் போட்டா. கேசு ஆனா மொத்தப் படகையும் நிறுத்திப்புடுவாக, பொம்பளைக எல்லாம் தெருவுல நிக்கணும்னுதான் அப்படிச் சொன்னான்னு இந்த சலேத்து சொல்லிக்கிட்டுத் திரியிறா. அப்படியெல்லாம் இல்ல. மனசாட்சி. தன் மேல தப்புன்னு தனக்குத் தெரியாதா?

அவ வீட்டுக்கு வந்தப்புறம் நண்டு ரசம் வச்சுத் தூக்குச் சட்டியில குடுத்து அனுப்புனேன். சட்டி கழுவித் திரும்பி வந்துச்சு. குடிச்சாளா கொட்டுனாளான்னு தெரியல. கொஞ்ச நா அனுப்புனேன், அப்புறம் படகுக்கு வர்ற கூட்டத்துல நேரம் இல்லாமப் போச்சு.

தொழிலு நல்லா விருத்தியாச்சு. டைட்டஸப் பாத்துப் பக்கத்து ஊர்க்காரங்களும் இஞ்சின் படகு எறக்குனாங்க. எல்லாரும் உள்ளோடைக்குத்தான். மறு கார்த்திகைக்குப் பறவை வரல. அதுக என்ன நமக்குச் சொல்லிட்டா வருது, வருசம் ஒரு பக்கம் போகும். அதுக்கடுத்த வருசமும் வரல. மரம் ஒரு பக்கமாப் பட்டுப் போயிக்கெடக்கு, ஏதோ நோயின்னு சொல்றாக. போட்டோவுக்கு அதுவும் ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்குங்குறாக வர்றவுக. நண்டு ஐஸ் பெட்டியில தொண்டியிலேர்ந்து வருது. மசாலா அதேதான், நான் மாத்தல. பொம்பளைக கொஞ்சம் கொஞ்சமாக் கழண்டுட்டாக. கம்பு ஊன்றுற வள்ளத்துல யாரு ஏறுவா? நான் என்ன செய்ய. போனவள எல்லாம் கையப் புடிச்சா நிறுத்த முடியும்?

திண்டுக்கல்லுல தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு ஜெனோவா கெளம்புறப்ப ஒரு தடவை இங்க வந்தா. ஆட்டோவுல வந்து எறங்கி, அக்குள்ல கட்டைய வச்சுக்கிட்டு, சீட்டு வாங்குற வரிசையில நிக்கிறா டீச்சர். எனக்கு ஒடம்பு கூசிப் போச்சு. ஓடிப் போயி, "என்னடி இது"ன்னேன்.

"உள்ளோடை வரைக்கும் போயிட்டு வரணும். கம்பு ஊன்றிக் கூட்டிட்டுப் போறியா?"ன்னா.

வள்ளம் ஒண்ணு கவுத்துப் போட்டுக் கெடந்துச்சு. சலேத்தும் நானும் நிமித்தித் தண்ணியில தள்ளுனோம். கம்பப் புடிச்சு எம்புட்டு நாளாச்சு, கை எரியுது. நாங்க ரெண்டு பேரு மட்டும்தான். ஓடை வாயில நுழையும்போது அவ தலையத் திருப்பிக்கிட்டா. உள்ள போனோம். ஒரு சத்தம் இல்ல. தண்ணி மேல எண்ணெய் மினுமினுன்னு மெதக்குது. அவ ஒரு வேரத் தொட்டுப் பாத்து, வெரல மோந்து பாத்தா. நான், "போன வாரம்தான் எவனோ எண்ணெயக் கொட்டிப்புட்டான்"னேன்.

"நண்டு எங்கேர்ந்து வாங்குற?"

"தொண்டியிலேர்ந்து வருது."

"உசுரோடயா?"

"இல்ல. ஐஸுல."

தலைய ஆட்டிக்கிட்டா. கொஞ்ச தூரம் போனோம். எனக்கு மூச்சு வாங்குது. அவ என்னையத் திரும்பிப் பாக்காமலே கேட்டா.

"அன்னைக்கு நீ கையக் காட்டுனியே பிரகாசி. என்ன சொன்ன?"

"நிறுத்தத்தான் சொன்னேன்."

"சரி"ன்னா. "திருப்பு, போதும்."

அம்புட்டுத்தான். நம்பிட்டா. நம்பாட்டி வேற ஏதாவது கேட்டிருப்பாள்ல? கரைக்கு வந்து எறங்கும்போது என் கையப் புடிச்சுத்தான் எறங்குனா. ரெண்டு கையும் வேணும் அவளுக்கு எறங்க. உள்ளங்கையில பாத்தா எனக்குக் கொப்புளம். அவளும் அதப் பாத்தா. ஆட்டோவுல ஏறிப் போயிட்டா.

அங்க போயி ரொம்ப நா இருக்கல. சக்கரை இருந்திருக்கு, வெட்டுன கால்ல புண்ணு ஆறவே இல்ல. மேல மேல ஏறி, காய்ச்சல்ல போயிட்டா. பொதைக்க இங்கதான் கொண்டு வந்தாக. அம்மா பக்கத்துல வைக்கணும்னு கேட்டாளாம். பொங்கல் லீவு, அதுலயும் ஞாயித்துக்கிழமை. கூட்டம் எப்படின்னு உங்களுக்குத் தெரியாது டீச்சர், வேன் நிறுத்த எடம் இல்ல. படகுக்கு முன்னாடியே சொல்லி வச்சவுகளும் வந்து நிக்கிறாக. சாயங்காலம் கல்லறைக்குப் போயி மெழுகுவத்தி கொளுத்திக்கிடலாம்னு இருந்துட்டேன். சலேத்து அடுப்ப அணைச்சுட்டுக் கோயிலுக்குப் போயிட்டா. மத்தவளுகளும் ஒவ்வொருத்தியாப் போயிட்டாளுக. நானும் டைட்டஸும்தான்.

உள்ளோடைக்குள்ள படகு நிக்குது. போட்டோ எடுக்கட்டும்னு அவன் இஞ்சின அணைச்சிருந்தான். அப்ப கோயில் மணி அடிக்க ஆரம்பிச்சுச்சு. ஒண்ணு அடிச்சு, நிறுத்தி, பொறகு ஒண்ணு. தண்ணி மேல வர்றப்ப ரொம்பக் கிட்டக்க கேக்கும். படகுல ஒரு பெரியவரு, நல்ல மனுசரு, "என்னம்மா மணி அது? துக்க மணி மாதிரி இருக்கே"ன்னு கேட்டாரு. பேசிக்கிட்டு இருந்தவுக எல்லாம் பேச்ச நிறுத்திட்டு என்னையப் பாக்குறாக. சந்தோசமா இருந்துட்டுப் போக வந்தவுக டீச்சர். புள்ளைகளக் கூட்டிட்டு வந்திருக்காக.

"இல்லய்யா, பொங்கலுக்கு அடிக்கிறாக"ன்னு சொன்னேன்.

டைட்டஸ் இஞ்சினக் கெளப்பிட்டான். அந்தச் சத்தத்துல அப்புறம் ஒண்ணும் கேக்கல.